நாக்கு மட்டும் மாட்டியிருந்தது

போன மாதம் நம்ம செட்டு எல்லோரும் ஒரே காரில் பலமனேர் கிளம்பினோமே, சித்தூர் எல்லை தாண்டுவதற்குள் நான் தலைவலி என்று இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேனே, அது பொய். தலையும் வலிக்கவில்லை, காலும் வலிக்கவில்லை. குரூப்பில் நீங்கள் எழுதிக்கொண்டதை எல்லாம் படித்தேன். திமிர் பிடித்தவள் என்று ஒருத்தி, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று இன்னொருத்தி. இரண்டும் இல்லை.

எனக்கு முட்டி வலி என்று முன்சீட்டைக் கொடுத்தீர்கள். உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டில் செருகப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒரு இரும்பு நாக்கு செருகியிருந்தது. பெல்ட் இல்லை, வெறும் நாக்கு. வண்டி ஓட்டியவள் பெருமையாகச் சொன்னாள்: “பெல்ட் போடலன்னா டிங் டிங்குன்னு கத்திக்கினே வருதுடி. அதுக்குத்தான் இத வாங்கிச் சொருவி வெச்சிருக்கேன்.” எல்லோரும் சிரித்தீர்கள். கொஞ்ச தூரம்தான், தலைவலி என்று வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். நாம் ஏழாம் வகுப்பு முடித்த லீவில் அவள் செத்தபோது நீங்கள் எல்லோரும் உங்கள் அம்மாக்களோடு வந்து எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் வீடுகளில் உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியும். கார்க்காரர் பெல்ட் போடச் சொன்னார், இவள் கேட்கவில்லை, அவர் பிழைத்தார், இவள் போனாள். அதைத்தான் முப்பது வருஷத்துக்கு மேலாக ஊரே சொல்கிறது. நானும் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தொடப்போகிறோம். இனிமேலும் மூடிக்கொண்டிருந்து யாருக்கு என்ன?

அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். சித்தூரில் தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத்து முளைத்த காலம். யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவர் குவைத்துக்கோ மஸ்கட்டுக்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் போதகர் ஐயர் “கடல் கடந்துபோன பிள்ளைகளுக்காக” என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார். அந்த வரி வரும்போது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். எங்கள் வீட்டிலிருந்தும் ஒருத்தி போகப்போகிறாள் என்ற சந்தோஷம்.

அக்கா திருப்பதியில் ஒரு பெரிய வீட்டில் கால் விழுந்துபோன ஒரு அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்குப் படித்த படிப்பு ஒரு வருஷத்தோடு நின்றுபோனது. ஆனாலும் வெள்ளைப் புடவைதான் கட்டுவாள், சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அதைத் துவைத்துக் கஞ்சி போடுவாள். அந்த அம்மாளின் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. நாங்கள் அவரை அமெரிக்காக்காரர் என்றுதான் சொல்வோம். மூன்று மாத லீவில் வந்தவர் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவது என்று முடிவு செய்தார். தெரியாத ஊரில் புதிதாக ஒரு ஆளை அம்மா சேர்க்கமாட்டாள், ஆகவே அக்காவும் வரட்டும் என்றார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மெட்ராஸில் விசா இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக் கொட்டகையில் அவருடைய அப்பா வைத்திருந்த பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று பதினைந்து வருஷமாகக் கிடந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. அதைச் சரிபண்ணி, அதிலேயே மெட்ராஸ் போகவேண்டும் என்பது அமெரிக்காக்காரரின் ஆசை. என்ஜின் வேலைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். சீட்டு வேலைக்கு, அக்கா சொல்லி, எங்கள் நைனா போனார். நைனாவுக்குச் சித்தூரில் குஷன் கடை இருந்தது, நீங்கள் சைக்கிள் சீட்டுக்குக் கவர் தைத்துக்கொண்ட கடைதான். லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போனார்.

திருப்பதி வெயில் தெரியுமே. கொட்டகைத் தகரத்தின் கீழே அந்தக் காருக்குள் தலையை விட்டால் பழைய தோலும் எலிப்புழுக்கையும் சேர்ந்து ஒரு நாற்றம் அடிக்கும். சீட்டைப் பிய்த்தபோது தென்னை நார், செல்லாத ஒரு காசு, ஒரு குழந்தையின் ஷூ, இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் எல்லாம் கிடைத்தன. ஷூவை நான் எடுத்துக்கொண்டேன். எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை.

முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் இருந்தது. அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நம்ம ஊர் வண்டிகளில் அப்போது பெல்ட் ஏது? நான்கு விரல் அகலத்தில் பட்டையாக, சாம்பல் நிறத்தில், ஒரு முனையில் பளபளக்கும் இரும்பு நாக்கு, அது போய் விழுகிற பூட்டில் சிவப்பு பட்டன். அழுத்தினால் ‘டக்’ என்று விடும். அன்றைக்கு நான் நூறு தடவை அழுத்தியிருப்பேன். அமெரிக்காக்காரர் தெலுங்கில் நைனாவிடம் திட்டமாகச் சொன்னார்: அங்கே இது சட்டம், பெல்ட் இல்லாமல் தன் வண்டியில் முன்னால் யாரும் உட்காரக்கூடாது, மெட்ராஸ் வரைக்கும் தேடியும் புதுசு கிடைக்கவில்லை, இதையே சுத்தம் செய்யுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும், நிழலில் காயவையுங்கள், கறை போகாவிட்டால் பரவாயில்லை. நைனா எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றார். கொட்டகைக்குத் திரும்பி வந்ததும் மெக்கானிக்கிடம், பட்டையை உடம்பில் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

போல்ட்டைக் கழற்றி இரண்டு பெல்ட்டையும் ஒரு சாக்குப்பையில் போட்டுச் சனிக்கிழமை சித்தூருக்குக் கொண்டுவந்தோம். கழுவுகிற வேலை எனக்கு. பூட்டு இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு பட்டை. ஓட்டுகிறவர் பக்கத்துப் பெல்ட் இரண்டே அலசலில் நல்லபடியாக வந்துவிட்டது. அடுத்த சீட்டுப் பெல்ட்தான் சண்டி பண்ணியது. அந்தப் பக்கத்து ஜன்னல் ரப்பர் இற்றுப்போய், மழைக்கு மழை தண்ணீர் அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. குறுக்கே அரை முழத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். சோப்புத்தூள் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கை எரிந்ததுதான் மிச்சம்.

அக்கா வந்து அதை எடுத்துத் தோளில் குறுக்கே போட்டுப் பார்த்தாள். எடுத்தபோது ரவிக்கையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. இன்டர்வியூவுக்கு என்று சந்தனக் கலரில் ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள், அவள் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல புடவை. “போச்சுடி. கறுப்புப் பூணூல் போட்டுக்கினு போய் நிக்கப்போறேன். அந்தத் தொர என்னப் பாத்து எந்தக் கோயில் பூசாரின்னு கேப்பான்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்த ரவிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் வெளுத்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

வெளுப்பது எனக்குத் தெரியும். எப்படி என்கிறீர்களா? நான் பிறப்பதற்கு முன்பு நைனா நகரியில் ஒரு சாயப்பட்டறையில் நூல் வெளுக்கிற கூலி. கைத்தோல் உரிந்து, இருமல் வந்து, அதை விட்டுவிட்டுச் சித்தூர் வந்தவர். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். அழுக்குக் கறுப்பாக வருகிற நூலைக் கொக்கு மாதிரி ஆக்கி அனுப்புவாராம். முதலில் பிளீச்சிங் தண்ணீர், ஊறவேண்டும். அப்புறம் ஆசிட் தண்ணீர், ஒரு முக்கு. அப்புறம் நல்ல தண்ணீரில் ஏழு அலசல். வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடம். அது பருத்தி நூலுக்கு என்பது மட்டும் அந்த வாய்ப்பாட்டில் இல்லை. நகரியில் நூல் என்றால் பருத்திதான், அதைத் தனியாக யார் சொல்வார்கள்?

கிணற்றில் போடுவதற்கென்று பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடர் பாதி மூட்டை பின்கட்டில் இருந்தது. இரண்டு கை அள்ளி மண்சட்டியில் கரைத்துப் பெல்ட்டைச் சுருட்டிப் போட்டு மூடினேன். சனிக்கிழமை சாயங்காலம் போட்டது, ஞாயிறு கோயில் விட்டு வந்துதான் திறந்தேன். பிரசங்கம் முழுக்க என் நினைப்பு சட்டியில்தான் இருந்தது. திறந்தால் கறுப்பு எல்லாம் ஓடிப்போயிருந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் இரண்டு மூடி ஊற்றி அதிலும் முக்கினேன். ஏழு அலசல், எண்ணிச் செய்தேன். கொக்கு கெட்டது போங்கள், அவ்வளவு வெளுப்பு.

ஒன்றே ஒன்று, பட்டை தொளதொள என்றாகிவிட்டது, பழைய விறைப்பு இல்லை. அதற்கும் எனக்கு வழி தெரிந்தது. அக்கா புடவைக்குப் போட்டதுபோகச் சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியில் அதைத் தோய்த்து, நிழலில் விரித்து, மேலே அம்மிக்கல்லை வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் அட்டை மாதிரி நின்றது.

நைனா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நூலைப் பார்க்கிற பழக்கத்தில் விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். “இதுக்கு இன்னா போட்ட?” என்று கேட்டார். சோப்புத்தூள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெழுகுவத்தியைக் கொளுத்தி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பிசிர்களைக் கருக்கிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அமெரிக்காக்காரர் அதைப் பார்த்து “கொத்ததானிலா உந்தே” என்றார். புதுசு மாதிரி இருக்கிறதே என்று. நைனாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நைனா என் தலையில் கை வைத்து, என் பொண்ணு செய்தது என்றார். அப்படி அவர் யாரிடமும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. நான் அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் நானும் நைனாவும் திருப்பதியில் இருந்தோம். பின்சீட்டில் அந்த அம்மாள் காலை நீட்டிப் படுக்கவேண்டும், அதனால் அக்காவுக்கு முன்சீட்டு. சந்தனக் கலர் புடவை, இரட்டைப் பின்னல், மடியில் பைல். பெல்ட்டை நான்தான் குறுக்கே இழுத்து ‘டக்’ என்று மாட்டினேன். இழுத்து இறுக்கினேன். “ரொம்ப இறுக்காதடி, துன்னதெல்லாம் மேல வந்துடும்” என்றாள். பிறகு புடவையைக் குனிந்து பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. என் கன்னத்தைக் கிள்ளினாள். வண்டி போனது.

புத்தூர் தாண்டி நகரிக்கு முன்னால், முன்னே போய்க்கொண்டிருந்த லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவர் பிரேக் போட்டும் நிற்கவில்லை. அவருக்கு நெஞ்சில் பெல்ட் பட்ட இடம் கன்றிப்போனது, அவ்வளவுதான். பின்னால் இருந்த அம்மாளுக்குக் கை முறிந்தது. அக்கா முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு லாரியின் அடியில் போய் விழுந்தாள். ஆஸ்பத்திரி சேரும்வரைகூட உயிர் இல்லை. அந்தப் புடவையை எங்களிடம் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா அதைத் திறக்க விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நைனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் வருவேன் என்று காலைக் கட்டிக்கொண்டேன், கூட்டிப்போனார். வண்டி ஸ்டேஷன் பின்னால் வெயிலில் நின்றது. நைனா அந்தப் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். நான் அவர் கக்கத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். பூட்டில் நாக்கு மாட்டியபடியே இருந்தது. பெல்ட் இல்லை, நாக்கு மட்டும். அதில் ஒரு விரற்கடை வெள்ளைப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பட்டை கதவுப் பக்கம் தொங்கியது. கத்தியால் வெட்டியதுபோல இல்லை, இழுத்துப் பிய்ந்ததுபோலவும் இல்லை. முனை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது, ஊறின அப்பளம் மாதிரி.

நைனா அந்த முனையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். விரலில் வெள்ளை மாவு ஒட்டியது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு பட்டனை அழுத்தி நாக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கதவுப் பக்கம் தொங்கியதை, மடக்குக் கத்தியை எடுத்து அடியோடு அறுத்து வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வயசுக் கழுதைக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்காக்காரர் ஸ்டேஷன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனாவைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்சீட்டில் அம்மா தண்ணீர் கேட்டார், எடுத்துக் கொடுக்கத் திரும்பும்போது பெல்ட்டைக் கழற்றியிருப்பாளோ, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லையே என்று தெலுங்கில் புலம்பினார். எஸ்.ஐ. நைனாவைப் பார்த்தார்.

“கழட்டியிருப்பா சார்” என்றார் நைனா. “எம்பொண்ணுக்கு அது புடிக்காது. மூச்சு முட்டுதுன்னு சொல்லிக்கினு இருந்தா. சொன்ன பேச்சக் கேக்கமாட்டா.”

எஸ்.ஐ. அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் மாட்டினேன், இறுக்கி மாட்டினேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டேன்.

அந்தப் பேச்சுதான் ஊரில் பரவியது. கோயிலில் ஐயர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். அமெரிக்காக்காரர் தன் அம்மாவோடு அமெரிக்காவுக்கே போய்விட்டார், காரைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அதெல்லாம் போகட்டும். என் அம்மா இருக்கிறாளே, அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது அக்கா பேச்சை எடுத்தால், “சொல்லுக்கு அடங்காதவ, தன்னால போய்ச் சேந்தா” என்பாள். சொல்லிவிட்டு அழுவாள். பெற்ற பிள்ளைமேல் கோபத்தோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்து, அந்தக் கோபத்தோடே செத்தாள். ஒரு வார்த்தையில் அதை மாற்றியிருக்கலாம். நான் மாற்றவில்லை. பெல்ட்டைக் கெடுத்தது சின்னப்பிள்ளைத்தனம், அதைக் கர்த்தர் மன்னிப்பார். அம்மாவை அப்படியே சாகவிட்டேனே, அப்போது எனக்கு முப்பது வயசு.

நைனாவை நான் வெறுத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? கடைப் பேர் கெட்டுவிடும் என்று செத்த பிள்ளைமேல் பழியைப் போட்டார் என்று நினைத்தேன். அவர் வாங்கி வந்த எதையும் நான் முகம் பார்த்து வாங்கியதில்லை. உங்களுக்கே தெரியும், என் கல்யாணத்தில் அவரோடு ஒரு போட்டோகூடக் கிடையாது. நான் என் பொய்யை வைத்துக்கொண்டே அவர் பொய்யை வெறுத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, வேலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கடைசி வாரம். ஒரு மத்தியானம் நான் கட்டிலருகில் கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் போர்வை விளிம்பை இரண்டு விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். தூக்கத்தில் செய்கிறார் என்று நினைத்தேன்.

“எவ்ளோ நேரம் ஊற வெச்ச?” என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. “சனிக்கிழம சாயங்காலத்துலேந்து, ஞாயித்துக்கிழம கோயில் விட்டு வர்ற வரிக்கும், நைனா.”

“ஆசிட்டு?”

“ரெண்டு மூடி.”

தலையை மெல்ல ஆட்டினார். கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல. அப்புறம் சொன்னார்: “நான் மோந்து பாத்தேன். அன்னிக்கே வாட வந்துச்சு. நூலுக்கு ஒண்ணும் ஆவாதேன்னு வுட்டுட்டேன். அது நூலு இல்லடி, நைலான். கொளுத்துனப்ப உருகிச்சு. மெழுகுவத்தியில புடிச்சேனே, உருகி மணி மணியா நின்னுச்சு. நூலு எங்கியாச்சும் உருகுமா? பாத்துக்கினே இருந்தேன். நீ செஞ்சிருந்த. அவ்ளோ வெளுப்பா இருந்துச்சு.”

நான் பழத்தைக் கீழே வைத்தேன். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அவள் இரண்டு பேரையும் தொலைத்திருப்பாள், உன்னையும் சேர்த்து என்றார். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் போய்விட்டார். கடையில் ஊசிப்பெட்டிக்கு அடியில் அந்த நாக்கு இருந்தது, துருப்பிடிக்காமல், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தபடி. இப்போது என் பீரோவில் இருக்கிறது.

அடுத்த தடவை கூடும்போது நான் வருகிறேன், காரில் செருகியிருக்கிற அந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டால். இல்லையென்றால் பஸ்ஸில் வந்துகொள்கிறேன், கோபம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இன்னும் என் அக்கா பேச்சை எடுத்தால், அவள் சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று சொன்னால், அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அவள் பெல்ட் போட்டிருந்தாள். நான் மாட்டிவிட்டேன், அவள் கழற்றவே இல்லை.